நாவின் கொள்கையும் நாட்டின் கொள்கையும்

வெளிநாட்டுக் கொள்கை என்று சொன்ன மாத்திரத்தில், அது மந்திரிமார்க்கும் தூதர்க்கும் உரிய விஷயம், செம்பனைக் குலை வெட்டுபவனுக்கும் பட்டணத்தில் மளிகை விற்பவனுக்கும் அதனால் ஆவதென்ன என்று கேட்டுப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோர் நம்மவருட் பலர். தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் ஒருங்கே பரவிக் கிடக்கும் இம்மனப்பான்மையைப் போல நமக்குக் கேடு பயப்பது வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம். இந்நாட்டுத் தோட்டங்களில் தமிழன் கால் வைத்த நாள் முதலாக, அவன் கூலியும் குடியும் போக்கும் வரவும் இரண்டு சர்க்கார்கள் ஒன்றோடொன்று பேசிய பேச்சைப் பொறுத்தே அமைந்து வந்திருக்கின்றன.

சரித்திரத்தைச் சிறிது நினைவு கூர்வோம். 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். அவருடைய அறிக்கை 1937இல் வெளிவந்தது; ஆண்களின் தினக்கூலி 50 காசுக்கு உயர்ந்தது. மறு ஆண்டே ரப்பர் விலை சரிந்ததென்று காரணங் காட்டித் தோட்ட முதலாளிமார் அதை 45 காசாகக் குறைத்தனர். 1938 ஜூனில் இந்திய சர்க்கார், உதவி பெற்றுக் கப்பலேறி வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தி விட்டது. அண்ணன் இங்கும் தம்பி அங்கும் என்று பிரிந்து நின்ற குடும்பங்கள் எத்தனை! அவர்களில் ஒருவரையேனும் கேட்டுச் செய்த காரியமா அது? சர்க்காரும் சர்க்காரும் பேசிக்கொண்டது, லயத்துத் தமிழனின் அடுப்படியில் ஐந்து காசாக வந்து விழுந்தது. வெளிநாட்டு விவகாரம் நமக்கென்ன என்று கேட்பவர் இதற்கு என்ன விடை பகர்வார்?

நிற்க. அக்காலத்தில் நாம் குடிமக்களாக இருந்தோமில்லை. இன்று குடிமக்களாக இருக்கின்றோம். வாக்குச்சீட்டு நம் கையில் இருக்கின்றது. ஆதலால், முன்னர் கேளாமற் போன கேள்வியை இப்பொழுது கேட்பது நமது கடமையாகின்றது. மலேசியா என்னும் இந்நாட்டிற்கு, பிரதம மந்திரி மாறினாலும் மாறாததும், எவர் ஒருவரின் கோபதாபத்திற்கும் கட்டுப்படாததும், பார்லிமெண்டின் அறிவோடும் ஒப்புதலோடும் இருபது முப்பது ஆண்டுகளை முன்னிட்டு வகுக்கப்பட்டதுமான வெளிநாட்டுக் கொள்கை ஒன்று வேண்டும். அஃது இல்லாத குறையால் நேரும் நஷ்டத்தை எவர் தலையிற் கட்டுகின்றனர் என்பதைக் காட்டவே இதனை எழுதப் புகுந்தோம்.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 2019 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் காஷ்மீரத்தின் விசேஷ அந்தஸ்தை நீக்கிற்று. அடுத்த மாத இறுதியில், அப்பொழுது நம் பிரதம மந்திரியாக இருந்த டாக்டர் மகாதீர், ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் பேசுகையில், அந்நாட்டின் மீது படையெடுத்து அதை ஆக்கிரமித்திருக்கின்றனர் என்ற கருத்துப்பட இந்தியாவைச் சாடினார். பேச்சு சில நிமிஷங்களில் முடிந்தது. விளைவு முடியவில்லை. அக்டோபரில் பம்பாயிலுள்ள எண்ணெய் வியாபாரிகளின் சங்கம், மலேசியாவிடம் எண்ணெய் வாங்குவதைத் தவிர்க்குமாறு தன் அங்கத்தினருக்குச் சொல்லிற்று. டிசம்பரில் இந்தியாவின் புதிய குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும் நம் பிரதம மந்திரி கண்டித்துப் பேசினார். 2020 ஜனவரி 8ஆம் தேதி, சுத்திகரித்த செம்பனை எண்ணெயைத் தாராளமாக இறக்குமதி செய்வதற்கு இந்திய சர்க்கார் தடை போட்டது. அவ்வறிவிப்பில் மலேசியாவின் பெயர் எங்கும் இல்லை. பெயர் எழுத வேண்டிய அவசியந்தான் என்ன? சுத்திகரித்த எண்ணெயை இந்தியாவுக்கு அதிகமாக விற்று வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

2019ஆம் ஆண்டு முழுவதிலும் நம்மிடமிருந்து இந்தியா வாங்கிய செம்பனை எண்ணெய் ஏறக்குறைய 44 லட்சம் டன். அவ்வாண்டு நம் எண்ணெயை மற்றெல்லா நாடுகளையும் விட மிகுதியாக வாங்கிய நாடு அதுவே. 2020 ஜனவரி மாதத்தில் அங்கே சென்றது 50,000 டன்னுக்கும் குறைவு. ஆண்டுக் கணக்கைப் பன்னிரண்டாற் பிரித்துப் பார்த்தால் மாதத்திற்கு மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் வர வேண்டும். வந்ததோ அதில் ஏழில் ஒரு பங்கு தானும் இல்லை. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இவ்வெண்களின் பொருளைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. எண்ணெய் விலை இறங்கினால் குலையின் விலை இறங்கும். குலையின் விலை இறங்கினால், விலையோடு இணைத்துக் கட்டிய போனஸ் இறங்கும். நாலு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரன் உரம் போடுவதை அடுத்த பருவத்திற்குத் தள்ளுவான். உரமிடாத மரம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பழிவாங்கும். ஜனவரியில் டன் 3,000 வெள்ளியை ஒட்டி நின்ற கச்சா எண்ணெய், மே மாதத்தில் 2,000 வெள்ளியை ஒட்டி வந்துவிட்டது. அவ்வீழ்ச்சிக்குப் பெருந்தொற்றே முதற் காரணம் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் புயல் வருகின்ற பருவத்தில் கூரை ஓட்டை நாமே கழற்றி வைத்தோம் என்பதை மறுக்க எவரால் முடியும்?

பிறகு நடந்தது யாது? நாம் சிறிய நாடு, பதிலுக்குப் பதில் செய்ய இயலாது என்று அதே பிரதம மந்திரி ஜனவரி மாதத்திலேயே ஒப்புக்கொண்டார். இந்தச் சிறுமை செப்டம்பரில் தெரியாமற் போனது எங்ஙனம்? பிப்ரவரி இறுதியில் அவர் பதவி விலகினார். மார்ச்சு முதல் தேதி வேறொருவர் வந்தார். மே மாதத்தில் மலேசிய வியாபாரிகள் இந்தியாவிடம் 1,00,000 டன் அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தனர். இந்திய வியாபாரிகளும் மீண்டும் நம் எண்ணெயைக் கேட்டு வந்தனர். காஷ்மீரத்து மக்களுக்கு இவ்வளவினாலும் ஒரு தம்பிடி நன்மை விளைந்ததாக எவரேனும் காட்டுவாரா?

மனச்சாட்சியை எண்ணெயின் விலைக்கு விற்கச் சொல்லுகின்றீரா என்று நம்மைக் கேட்பாரும் உளர். நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பாமல் விடை கூறவேண்டும். அநீதி என்று பட்டதை உலக சபையில் எடுத்துரைக்கும் உரிமையும் சில வேளை கடமையும் சிறிய நாட்டிற்கும் உண்டு. அதற்கு விலை கொடுக்க நேர்ந்தால் கொடுக்கவும் வேண்டும். ஆனால் அந்த விலை எவ்வளவு, எவர் கொடுப்பார், எத்தனை மாதம் தாங்குவார், அவர் தாங்குவதற்குப் பொக்கிஷத்திலிருந்து என்ன உதவி, விற்காத எண்ணெயை வேறெந்தத் துறைமுகத்திற்கு அனுப்புவது என்றெல்லாம் முன்னரே எண்ணிப் பார்த்தவரே தம் பேச்சை மனச்சாட்சி என்று அழைக்கத் தகுந்தவர். பிறன் பணத்தை எடுத்துத் தருமம் செய்து விட்டுக் கல்வெட்டில் தன் பெயரைப் பொறித்துக் கொள்பவனை நாம் வள்ளல் என்று சொல்வதில்லை. பேசியவர் மாளிகையில் ஒரு விளக்கும் அணையவில்லை.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தியா தடை போட்டது கேட்டு, பார்த்தீர்களா நம் தாய்நாட்டின் கைவரிசையை என்று மார் தட்டிய தமிழரும் உண்டு. அந்தக் கைவரிசை விழுந்தது எவர் முதுகில் என்பதை அவர் ஒரு கணம் எண்ணினாரா? டில்லி சர்க்கார் தன் நாட்டின் நலத்தை நாடிச் செய்தது. அதன் கணக்குப் புத்தகத்தில் பேராக்குத் தமிழனுக்கும் ஜொகூர்த் தமிழனுக்கும் பத்தி இல்லை. இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் அறியாமை. சுதந்திர இந்தியாவின் முதற் பிரதம மந்திரி நேரு அவர்களே, வெளிநாட்டிற் குடியேறிய இந்தியர் தாம் வாழும் நாட்டையே தம் நாடாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லி வந்தார். நம் நலத்தைக் காக்கக் கடமைப்பட்ட சர்க்கார் புத்திரஜாயாவில் இருக்கின்றது. அதை மறந்து, அயல்நாட்டுக் கொடிக்குக் கைதட்டுவதை அரசியல் என்று எண்ணும் வரையில், நம் பேச்சுக்கு எந்த மந்திரியும் செவி சாய்க்கப் போவதில்லை.

இனி, எழுத்தர் தொழில் செய்யும் நமக்கு மிகவும் உறைக்கின்ற விஷயம் ஒன்றுக்கு வருவோம். கொள்கை என்பது மேடையில் இருப்பதை விட ஆபீசுக் கோப்பில்தான் அதிகமாக இருக்கின்றது. எவன் எழுதினான், எவனுக்கு எழுதினான், நகல் எங்கே, பதில் வந்ததா என்று பார்த்து வைக்காத தோட்டம் எல்லை வழக்கில் தோற்கும், நாடும் அப்படியே.

ஜொகூரின் கிழக்கே கடலிலுள்ள பூலாவ் பத்து பூத்தே என்னும் பாறைத் தீவை நாம் இழந்த கதை இதற்குச் சாட்சி. 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனிச் செயலாளர், அத்தீவின் நிலைமையைப் பற்றி விவரங் கேட்டு ஜொகூருக்கு எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், அத்தீவின் மீது ஜொகூர் சர்க்கார் உரிமை கோரவில்லை என்று பதில் எழுதிவிட்டார். இரண்டு வரிக் கடிதம்! 1979இல் மலேசியா தன் படத்தில் அத்தீவைத் தன்னுடையதென்று வரைந்தது. 1980இல் சிங்கப்பூர் ஆட்சேபித்தது. வழக்கு ஹேகு நகரத்து அனைத்துலக நீதிமன்றத்திற்குச் சென்றது. 2008 மே 23இல் பன்னிரண்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. ஆதியில் அத்தீவு ஜொகூர்ச் சுல்தானுக்கே உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும், அந்த 1953ஆம் ஆண்டுக் கடிதத்திற்கும், சிங்கப்பூர் அங்கே ஆண்டாண்டாகச் செய்து வந்த காரியங்களை நம்மவர் ஆட்சேபிக்காமல் இருந்தமைக்கும் பெரும் பொருள் உண்டென்று கண்டு, தீவைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. அருகிலுள்ள நடுப்பாறைகள் மட்டும் நமக்கு மிஞ்சின. இதனோடும் முடியவில்லை. புதிய தஸ்தாவேஜுகள் கிடைத்தனவென்று 2017இல் மறுவிசாரணை கோரினோம். 2018 மே மாதம் ஆட்சி மாறியது. அம்மாதமே, விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், மனுவைத் திரும்பப் பெற்றோம். ஏன் திரும்பப் பெற்றோம் என்று ஆராய 2024இல் ஓர் அரச விசாரணைக் குழு வைத்தோம்! கோரியதும் கைவிட்டதும் ஏன் கைவிட்டாய் என்று கேட்டதும் ஒரே நாடு. அயலார் நகைப்பதற்கு வேறு என்ன வேண்டும்?

தண்ணீர்க் கதையும் இதே மாதிரிதான். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரையில் சிங்கப்பூர் எடுத்துக் கொள்ளலாம். விலை ஆயிரம் காலனுக்கு 3 காசு. இருபத்தைந்து ஆண்டு கழித்து விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. 1987 வந்தது, போயிற்று, நாம் கேட்கவில்லை. சுத்தம் செய்த நீரை ஆயிரம் காலன் 50 காசுக்கு நாமே திரும்ப வாங்கி வந்தபடியால், விலையைக் கிளறினால் நமக்கும் ஏறும் என்று அஞ்சினோம் போலும். அது ஒரு கணக்கு. ஒருவாறு ஒப்புக்கொள்ளத்தக்க கணக்கே. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர் அதன் முடிவையும் ஏற்க வேண்டாமா? 2002க்குப் பிறகு, விலை அநியாயம் என்று பேசத் தலைப்பட்டோம். உரிய காலத்தில் கேளாததால் அவ்வுரிமை போயிற்று என்று சிங்கப்பூர் சொல்லிற்று. இதற்கிடையில் சிங்கப்பூர் தன் பக்கத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். 2003இல் கழிவு நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைத் திறந்தது. 2005இல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை நிறுவியது. 1961ஆம் ஆண்டின் மற்றோர் ஒப்பந்தம் 2011இல் முடிவடைந்தபோது, ஒரு குழாயும் வறளாமல் அந்நாள் கடந்து சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய காகிதத்தில் குறித்த தேதியை ஒரு சர்க்கார் நாள்தோறும் பார்த்துக் கொண்டிருந்தது. மற்றொரு சர்க்கார் தேதி தாண்டிய பின் கண் விழித்தது.

சிங்கப்பூரைப் புகழ்ந்து நம் நாட்டை இகழ்வதாக எவரும் கருத வேண்டா. அந்நாட்டிலும் நாம் குறை சொல்ல வேண்டியவை உண்டு. அவை வேறொரு நாளைக்கு. இவ்விஷயத்தில் மட்டும் அவர்களுடைய பொறுமை நமக்குப் பாடமாகத் தகும். 1965 முதல் 1980 வரை அதன் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து, சிரம்பானில், ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவரின் மகனாக வளர்ந்தவர் அவர் என்பதைத் தோட்டப்புறத்து வாலிபர்கள் அறிந்து வைத்திருப்பது நன்று. வெளிநாட்டு விவகாரம் நமக்கெதற்கு என்னும் பேச்சை அவர் தகப்பனார் வீட்டிற் பேசியிருந்தால் நிலைமை எவ்வாறு இருந்திருக்குமோ!

நம் நாட்டிற்கு இத்தகைய ஆற்றல் இல்லையென்று சொல்லவும் இடமில்லை. 1968இல் டாக்டர் இஸ்மாயில், மந்திரிப் பதவியில் இல்லாதிருந்த காலத்தில், தென்கிழக்கு ஆசியா வல்லரசுகளின் சண்டையிற் சேராமல் நடுநிலை வகிக்க வேண்டுமென்று பார்லிமெண்டிற் பேசினார். அப்பொழுது அதைக் கேட்டவர் சிலர். துன் ரசாக் பிரதம மந்திரியானபின் அவ்வெண்ணம் கொள்கையாயிற்று. 1971 மே மாதம் தெங்கு ரசாலியின் தலைமையில் ஒரு வியாபாரக் குழு பீக்கிங் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் ஆசியான் நாடுகள் ஐந்தும் கோலாலம்பூரிற் கூடி நடுநிலைப் பிரகடனம் செய்தன. 1974 மே 31இல், ஆசியான் நாடுகளுள் முதலாவதாக, சீனத்தோடு மலேசியா இராஜிய உறவு கொண்டது. இங்கே வாழும் சீனர் ஒரே நாட்டின் பிரஜைகளாகத்தான் இருக்கலாம், இரட்டைப் பிரஜாவுரிமை கிடையாது என்னும் விஷயத்தையும் அவ்வறிக்கையிலேயே எழுதி வாங்கினர். காட்டில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கி வெடித்துக் கொண்டிருந்த காலம் அது என்பதை நினைக்க வேண்டும். துன் ரசாக் 1976இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்தவர் எவரும் அவ்வுறவைக் கலைக்கவில்லை. ஆறு ஆண்டு எண்ணி, வியாபாரியை முன் அனுப்பி, அண்டை நாட்டாரோடு பேசிச் செய்த காரியமாதலின் அது நிலைத்தது.

இக்காலத்திலும் கொள்கை அறிக்கை இல்லாமலில்லை, அதுவே வேடிக்கை. 2019 செப்டம்பரில், புதிய மலேசியாவின் வெளிநாட்டுக் கொள்கைக்குச் சட்டகம் என்று ஓர் ஏட்டை டாக்டர் மகாதீரே வெளியிட்டார். அதன் மை உலர்வதற்கு முன், அதே மாதத்தில்தான், நியூயார்க்கில் அந்தக் காஷ்மீரப் பேச்சு! 2021 டிசம்பரில் வேறொரு பிரதம மந்திரி வேறொரு சட்டகத்தை வெளியிட்டார். 2018 மே முதல் 2022 நவம்பர் வரையில் நால்வர் பிரதம மந்திரிப் பதவி ஏற்றனர். ஆளுக்கு ஓர் ஏடு வந்தாலும் வியப்பில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை முதலியவற்றை ஏற்போம் என்று 2018 செப்டம்பரில் உலக சபையில் வாக்களித்து, நவம்பரில் அவ்வுடன்படிக்கையை ஏற்கமாட்டோம் என்றனர். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் உடன்படிக்கையில் 2019 மார்ச்சில் சேர்ந்து ஏப்ரலில் விலகுவதாக அறிவித்தனர். முப்பது நாள் தகுதிகாண் வேலைக்கு வந்த கங்காணி கூட இதை விட நிதானமாக முடிவு செய்வான்.

சிறிய நாடு காற்றுக்குத் தக்கபடி வளைய வேண்டும், நீண்டகாலத் திட்டம் கையைக் கட்டிவிடும் என்று சில பண்டிதர் வாதிப்பர். வளைவதற்கும் ஒரு வேர் வேண்டும். நம் அண்டையிலுள்ள இந்தோனேசியாவில், 1948 செப்டம்பரில், முகமது ஹட்டா இரண்டு பாறைகளுக்கிடையே படகு செலுத்துவதாக உவமித்துத் தம் நாட்டின் கொள்கையை எடுத்துரைத்தார். இடையில் சுகர்ணோ காலத்தில் 1963 முதல் 1966 வரை நம்மோடு மோதிப் பார்த்துத் தவறியதும் உண்டு. ஆயினும் திரும்பி வந்து நிற்பதற்கு அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. 2020இல் நாம் எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்துக்கொண்டு விழித்தபோது, இந்தியாவுக்கு விற்றுக் கொண்டிருந்தவர்கள் அவர்களே.

ஆங்கிலத்தில் இந்த அறிக்கைகளைப் படிக்க முடிந்தவர்களாகிய நம்மனோர்க்கு ஒரு தனிக் கடமை உண்டு. லயத்தில் இருப்பவருக்கு அவற்றின் சாரத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லுவது அது. நம் அரசியல் சட்டத்தின்படி அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்து கொள்ளும் அதிகாரம் மந்திரி சபையிடம் இருக்கின்றது. பார்லிமெண்டு முன்கூட்டி ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்ற விதி இல்லை. உள்நாட்டுச் சட்டம் திருத்த வேண்டி வந்தால் மட்டுமே அங்கத்தினரிடம் வருவர். இதனால்தான் ஒருவர் சேர்கின்றார், மற்றொருவர் விலகுகின்றார். நாம் கேட்பது, பத்தாண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டுக் கொள்கைத் திட்டம் பார்லிமெண்டில் வைத்து விவாதித்து நிறைவேற்றப்பட வேண்டும்; இரு கட்சியாரும் இருக்கும் நிலைக்குழு ஒன்று அதைக் காக்க வேண்டும்; அதிலிருந்து விலக விரும்பும் மந்திரி, யாருடைய பிழைப்பு எவ்வளவு பாதிக்கும் என்னும் கணக்கோடு வந்து சபையில் காரணம் சொல்ல வேண்டும். அக்கணக்கு எழுதும் நாளில் தோட்டத் தொழிலாளரின் சங்கத்திற்கும் சிறுதோட்டக்காரருக்கும் இருக்கை போட வேண்டும்.

காலம் காத்திருக்கவில்லை. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனையை வாங்குவதில்லை என்று ஐரோப்பியர் 2023இல் சட்டம் செய்து விட்டனர். அதன் அமுலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தள்ளி வைத்திருக்கின்றனரே ஒழிய, கைவிடவில்லை. ஒவ்வொரு சிறுதோட்டத்தின் இருப்பிடத்தையும் படத்திற் குறித்துக் காட்ட வேண்டும். பேராக்கிலும் பகாங்கிலும் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் கிழவனாருக்கு இதைச் செய்து கொடுப்பவர் யார்? ஐரோப்பாவைத் திட்டுவது எளிது. அளவுச் சங்கிலியை எடுத்துக் கொண்டு தோட்டம் தோட்டமாய்ப் போவது கடினம்.

செம்பனைக் கன்று மூன்றாம் ஆண்டிற் குலை தரும். இருபத்தைந்து ஆண்டளவில் வெட்டி மறுநடவு செய்வோம். அந்தக் கணக்கைத் தோட்டத்து மானேஜர் நடவு நாளிலேயே எழுதி வைக்கிறார். ஜொகூர் ஆற்று நீர் ஒப்பந்தம் 2061இல் முடிகின்றது. அதற்கு நாற்பது ஆண்டும் இல்லை. இவ்வருஷம் நடும் கன்று முதிர்ந்து வெட்டுண்டு, அதனிடத்தில் நட்ட கன்றும் காய்க்கத் தொடங்கியிருக்கும் காலம் அது. அந்த நாளுக்காக எந்த ஆபீசில் எவர் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கின்றார் என்பதை, அடுத்த தேர்தலில் கைகூப்பிக்கொண்டு லயத்து வாசலுக்கு வரும் அபேட்சகரிடம், மாலை போடுவதற்கு முன்னர் கேளுங்கள்.